மௌனம் யாரைக் காக்கிறது? சகோதர சங்கங்களின் இரகசியம் பற்றிய ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

வாய் திறவாமை நற்பண்பா, குற்றமா என்னும் வினாவிற்குத் திருமறை ஒரே விடை பகர்வதில்லை. மௌனத்திற்கும் பேச்சிற்கும் தனித்தனிக் காலம் உண்டென்று பிரசங்கி (3:7) நமக்கு உணர்த்துகிறார். பிரதான ஆசாரியனின் குற்றச்சாட்டுக்கு முன் நம் ஆண்டவர் பேசாதிருந்தார் (மத். 26:63). அதே விசாரணையைப் பற்றிக் கூறும் நான்காம் நற்செய்தியாளரோ, மறைவில் எதையும் போதிக்கவில்லை என்று ஆண்டவர் தம்மைக் குறித்துச் சான்று பகர்ந்ததைப் பதிவு செய்கிறார் (யோவா. 18:20). மௌனத்தையும் வெளிப்படைத் தன்மையையும் ஒருங்கே பற்றிக்கொள்வது திருப்பணியாளருக்கு எளிதன்று.

இவ்விரண்டிற்குமிடையே உள்ள எல்லை எங்கே என்பதை அறிய, சகோதர சங்கங்களின் வரலாறு நமக்குத் துணைபுரியும். கைவினைஞர்களும் கனவான்களும் கூலித் தொழிலாளரும் தம்முள் சகோதரர் என ஆணையிட்டு, அடையாளச் சொல்லாலும் கைச்சைகையாலும் ஒருவரையொருவர் இனங்கண்டு இயங்கிய அமைப்புகளையே இப்பெயரால் குறிப்பிடுகிறோம். இவற்றை உருவாக்கியோரிலும், எதிர்த்தோரிலும், இவற்றின் பொருட்டுத் தண்டனை பெற்றோரிலும் குருமாரும் பிரசங்கியாரும் பலர். ஆதலின் இது திருச்சபை வரலாற்றுக்குப் புறம்பான பொருளன்று.

1. இரகசிய சங்கம் எனப்பட்ட திருச்சபை

இச்சங்கங்களைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன், நம் சபையே ஒரு காலத்தில் இரகசிய சங்கமெனக் குற்றஞ்சாட்டப்பட்டதை நினைவுகூர்தல் தகும். கி.பி. 112 ஆம் ஆண்டளவில் பித்தினியா-பொந்து மாகாணத்தின் ஆளுநராயிருந்த பிளினி, கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இறையியல் மாணவர் யாவரும் அறிந்ததே. கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடினர். கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடினர். ஓர் ஆணையால் தம்மைப் பிணைத்துக்கொண்டனர். அவ்வாணையைக் குறிக்கப் பிளினி கையாளும் 'சாக்ரமெந்தும்' என்ற சொல்லே பிற்காலத்தில் திருவருட்சாதனங்களுக்குப் பெயராயிற்று. அந்த ஆணை எதற்காக? குற்றம் செய்வதற்கன்று, களவு, விபசாரம், நம்பிக்கைத் துரோகம் ஆகியவற்றைச் செய்யாதிருப்பதற்காகவே என்று விசாரிக்கப்பட்டோர் கூறினர்.

அதே பிளினி சற்று முன்னர், நிக்கோமேதியா நகரில் தீயணைப்புக்கென 150 பேர் கொண்ட ஒரு குழுவை அமைக்க அனுமதி வேண்டியிருந்தார். டிராஜன் அதை மறுத்தார். எப்பெயரில் கூடினாலும் மக்கள் விரைவில் அரசியல் கூட்டமாக மாறிவிடுவர் என்பது அவரது அச்சம். சங்கத் தடை ஆணைக்குக் கீழ்ப்படிந்து கிறிஸ்தவர்கள் தம் பொது விருந்தையும் நிறுத்தினர் என்று பிளினி குறிப்பிடுகிறார். உண்மையை அறிய அவர் துன்புறுத்தி விசாரித்தது சபை ஊழியரான இரண்டு அடிமைப் பெண்களை என்பதை நாம் மறத்தலாகாது. ஆள்வோர் இரகசியத்தைக் கண்டு அஞ்சும்போது, அவ்வச்சத்தின் சுமை பெரும்பாலும் எளியோர் மீதே விழுகிறது.

நான்காம் நூற்றாண்டளவில் சபையினுள்ளும் மௌன ஒழுங்கு ஒன்று வேரூன்றியது. திருமுழுக்குக்கு ஆயத்தமாகிறவர்கள் திருவிருந்துக்கு முன் வெளியே அனுப்பப்பட்டனர். தாம் கேட்டவற்றை வெளியாரிடம் கூறலாகாதென எருசலேமின் சிரில் அவர்களுக்குக் கட்டளையிட்டார். அடையாளச் சொல், வாயிற்காவல், படிப்படியான நுழைவு ஆகியவை பிற்காலச் சங்கங்கள் முதன்முதலாகக் கண்டுபிடித்தவையல்ல.

2. கல்தச்சரின் சொல்

பிரீமேசன் சங்கத்தின் வேர்களுள் ஒன்று ஸ்காட்லாந்தின் கல்தச்சரிடையே இருந்தது. அரசரின் கட்டடப்பணி மேற்பார்வையாளர் வில்லியம் ஷா 1598, 1599 ஆம் ஆண்டுகளில் அவர்களுக்கு ஒழுங்குவிதிகள் வகுத்தார். லாட்ஜ் என்பது அக்காலத்தில் வேலைத்தலத்தின் கொட்டகையையும், அதில் கூடிய தொழிலாளர் குழுவையும் குறித்தது. பதினேழாம் நூற்றாண்டில் இவர்களிடையே 'மேசன் சொல்' என்றொரு இரகசியம் வழங்கியது. ஊர்விட்டு ஊர் சென்று வேலை தேடிய தச்சன், முறையாகத் தொழில் கற்றவனே தான் என்று காட்டச் சான்றிதழ் ஏதும் வைத்திருக்கவில்லை. அச்சொல்லும் சைகையுமே அவனுக்குச் சான்றிதழ். அது பரவிவிட்டால் தொழில் கல்லாதவர் குறைந்த கூலிக்குப் புகுந்துவிடுவர். இங்கு மௌனம் அன்றாட உணவைக் காத்தது.

இதைப்பற்றிச் சபையும் ஒருமுறை தீர்ப்புக் கூறியது. 1652 ஆம் ஆண்டில் மின்டோ சபைக்கு அழைக்கப்பட்ட ஜேம்ஸ் ஏன்ஸ்லி என்ற போதகர் 'மேசன் சொல்'லை அறிந்தவர் என்று ஆட்சேபம் எழுந்தது. கருத்துக் கேட்கப்பட்ட கெல்சோ பிரெஸ்பிட்டரி, அச்சொல்லில் பாவமுமில்லை, இடறலுமில்லை என்று விடையளித்தது. சபை மிகத் தூயதாயிருந்த காலங்களிலும் அதனை அறிந்தோர் போதகராயிருந்தனர் என்பது அவர்கள் காட்டிய காரணம். இரகசியம் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் கலங்காமல், அது எதற்காகக் காக்கப்படுகிறது என்று கேட்ட சீர்திருத்தச் சபையார் இவர்கள்.

3. கனவான்களின் மௌனமும் அதன் சின்னங்களும்

பதினெட்டாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. இலண்டனில் 1717 இல் பெரிய லாட்ஜ் தோன்றியது என்பது மரபு. 1721 என்பாரும் இன்றைய ஆய்வாளருள் உளர். உளி பிடித்தறியாத பிரபுக்களும் வணிகரும் அறிஞரும் இதில் சேர்ந்தனர். 1723 இல் இதன் சட்டநூலை வெளியிட்ட ஜேம்ஸ் ஆண்டர்சன், இலண்டனில் ஊழியம் செய்த ஸ்காட்லாந்துப் பிரெஸ்பிட்டேரியப் போதகர். 1719 இல் தலைவராயிருந்த தெசாகுலியே, பிரெஞ்சு ஹியூகனோ அகதிக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலிக்கன் குருவானவர். மதப்பூசல்களால் களைத்திருந்த ஒரு நாட்டில், வேறுபட்ட சபையினர் ஒரே மேசையில் அமர இச்சங்கம் இடமளித்தது. அந்த இடத்தை மௌனம் வேலியிட்டுக் காத்தது எனலாம்.

இம்மௌனத்தைச் சின்னங்கள் பல சூழ்ந்து நின்றன. வாயிலில் உருவிய வாளுடன் காவலர் ஒருவர் நின்றார். புதியவரின் கண்கள் கட்டப்பட்டன. ஆணையை மீறினால் தொண்டை அறுக்கப்படும் என்பன போன்ற கொடிய வாசகங்கள் உறுதிமொழியில் இடம்பெற்றன. மூன்றாம் படியின் சடங்கில் சாலொமோனின் ஆலயத்தைக் கட்டிய ஈராம், தலைமைத் தச்சரின் இரகசியச் சொல்லை வெளியிட மறுத்ததற்காகக் கொல்லப்படுகிறான். அச்சொல்லும் அவனோடு மறைகிறது. திருமறையில் காணும் ஈராம் நப்தலி கோத்திரத்து விதவையின் மகன், வெண்கல வேலையில் வல்லவன் (1 இரா. 7:13-14). அவன் கொலையுண்டதாகத் திருமறை எங்கும் கூறவில்லை. எனினும் உயிர்போனாலும் வாக்கைக் காத்தல் என்ற கருத்தை ஒரு கதையாக நடித்துக் காட்டுவதே அச்சடங்கின் நோக்கம்.

மௌனத்தின் பழைய சின்னங்கள் வேறு சிலவும் ஐரோப்பாவில் வழங்கின. விரலை உதட்டில் வைத்த ஹார்ப்போகிரட்டீஸ் என்னும் உருவம் அவற்றுள் ஒன்று. எகிப்தில் அது குழந்தை ஓருசைக் குறித்தது. விரல் வாயில் இருப்பது குழந்தைப்பருவத்தின் அடையாளம். கிரேக்கரும் உரோமரும் அதை 'பேசாதே' என்னும் எச்சரிக்கையாகப் பொருள்கொண்டனர். மற்றொன்று ரோஜா மலர். அதன்கீழ்ப் பேசியது வெளியே செல்லாது என்பது கருத்து. சில பாவசங்கீர்த்தனத் தொட்டிகளிலும் அது செதுக்கப்பட்டது.

இவ்வளவு காவலும் எதைக் காத்தது? 1730 ஆம் ஆண்டிலேயே சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் சடங்குகளையும் கேள்வி-விடைகளையும் அச்சிட்டு மலிவு விலையில் விற்றுவிட்டார். அதன்பின் இச்சங்கத்தின் இரகசியங்களை எவரும் கடையில் வாங்கலாம். எனினும் உறுப்பினர் தொடர்ந்து மௌனம் காத்தனர். ஆகவே மறைக்கப்பட்ட செய்தியின் மதிப்பு இங்கே சிறிது. மறைத்தல் என்னும் பயிற்சியே பெரிது. ஜெர்மானிய அறிஞர் கியோர்க் சிம்மெல், இரகசிய சங்கங்களைப்பற்றி 1906 இல் வெளிவந்த ஆய்வில், இரகசியம் அதை உடையவனுக்கு ஓர் அணிகலனாகவும் அமைகிறது என்று விளக்கினார். ஏழைத் தச்சனின் சான்றிதழ் கனவானின் அணிகலனாயிற்று.

எதிர்ப்பும் விரைவில் எழுந்தது. 1738 இல் போப்பு பன்னிரண்டாம் கிளமெந்து இச்சங்கத்தைத் தடைசெய்தார். தீமை செய்யாதவர் வெளிச்சத்தை வெறுப்பானேன் என்பது அவருடைய வாதத்தின் சாரம். இவ்வாதம் வலியது, ஆயினும் முழுமையானதன்று. முன்னொரு காலத்தில் இதே வாதத்தைக் கிறிஸ்தவர்களுக்கு எதிராகப் புறச்சமயத்தார் கூறியதை மினூசியஸ் பெலிக்சின் நூலில் நாம் காண்கிறோம்.

4. மௌனம் குற்றத்தை மூடியபோது

சின்னமாக மட்டும் கருதப்பட்ட ஆணை ஒருநாள் நிஜமாகிவிட்டால் என்ன நேரும் என்பதை அமெரிக்கா 1826 இல் கண்டது. நியூயார்க் மாநிலத்தின் பட்டேவியா ஊரில் வாழ்ந்த வில்லியம் மார்கன், பிரீமேசன் சடங்குகளை நூலாக வெளியிடப்போவதாக அறிவித்தார். செப்டம்பர் மாதத்தில் ஓர் அற்பக் கடனுக்காகக் கனண்டேகுவா நகரில் சிறையிடப்பட்டார். யாரோ அக்கடனைச் செலுத்தி அவரை வெளியே கொணர்ந்து, வண்டியில் ஏற்றி, நயாகரா கோட்டைக்குக் கொண்டுசென்றனர். அதன்பின் அவரைக் கண்டவர் இலர்.

மக்களைக் கொதிக்கச் செய்தது பின்னர் நடந்தது. விசாரணைகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. சாட்சிகள் பேச மறுத்தனர். கடத்தலுக்காகச் சிலர் மட்டும் சிறுகாலச் சிறை பெற்றனர். கொலைக் குற்றத்திற்கு எவரும் தண்டிக்கப்படவில்லை. நீதியைக் காக்க நியமிக்கப்பட்ட அதிகாரிகளுட் சிலர் அதே சங்கத்தின் உறுப்பினராயிருந்தனர். சகோதரனுக்குக் கொடுத்த வாக்கு, அயலானின் உயிரைவிடப் பெரிதாயிற்று என்று மக்கள் முடிவு செய்தனர். அந்தச் சினத்திலிருந்து பிறந்த மேசன் எதிர்ப்புக் கட்சி 1831 இல் பால்டிமோரில் தேசிய மாநாடு கூட்டி, 1832 ஆம் ஆண்டுத் தேர்தலில் வெர்மான்ட் மாநிலத்தை வென்றது. பாப்டிஸ்ட் போதகர் டேவிட் பெர்னார்ட் 1829 இல் சங்கத்தின் இரகசியங்களைத் தொகுத்து வெளியிட்டார். எழுப்புதல் பிரசங்கியாராகிய சார்லஸ் பின்னி, இளமையில் தாமும் அச்சங்கத்தில் இருந்து விலகியவர். 1869 இல் அதைக் கண்டித்து நூல் எழுதினார்.

நிரபராதிகளான பல உறுப்பினரும் அக்காலத்தில் பழிக்கப்பட்டனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் மையமான உண்மை மாறாது. ஒரு மனிதன் காணாமற்போனான். அறிந்தோர் வாய் திறக்கவில்லை.

5. டால்பட்டில் கிராமத்தின் ஆறு தொழிலாளர்

எட்டே ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் டார்செட் வட்டாரத்தில் இதற்கு நேர்மாறான வழக்கொன்று நடந்தது. டால்பட்டில் கிராமத்தின் விவசாயக் கூலிகளுக்கு வாரத்திற்கு 9 ஷில்லிங்காயிருந்த கூலி 8 ஆகவும் பின்பு 7 ஆகவும் குறைக்கப்பட்டது. இனி 6 ஷில்லிங்தான் என்ற பேச்சும் எழுந்தது. மெதடிஸ்ட் உள்ளூர்ப் பிரசங்கியாரான ஜார்ஜ் லவ்லெஸ் என்ற உழவர், 1833 ஆம் ஆண்டு அக்டோபரில் தம் தோழரோடு ஒரு நட்புறவுச் சங்கம் அமைத்தார். டிசம்பர் மாதத்தில் தாமஸ் ஸ்டான்ட்பீல்டின் குடிசை மாடியில் புதியோர் சேர்க்கப்பட்டனர். அவர்கள் கண்கள் கட்டப்பட்டன, முழந்தாட்படியிட்டனர், திருமறை போல ஒலித்த ஏதோ ஒன்று வாசிக்கப்பட்டது, ஒரு புத்தகத்தை முத்தமிட்டனர். கட்டு அவிழ்த்தபோது ஆளுயர எலும்புக்கூட்டின் ஓவியம் எதிரே நின்றது. குருவானவரின் வெள்ளை அங்கி போன்ற உடையணிந்த ஒருவரையும் கண்டதாகச் சாட்சிகள் பின்னர் கூறினர்.

எலும்புக்கூடு அக்காலச் சகோதர சங்கங்களில் வழக்கமான சின்னம். உன் முடிவை நினை என்பதே அது கூறும் செய்தி. மரணத்தின்முன் பண்ணையாரும் கூலியாளும் சமம்; வாக்குத் தவறாதே. உள்ளூர்ப் பிரசங்கியார்கள் அமைத்த சங்கத்தில் இது ஒரு பிரசங்கத்தைப் போலவே விளங்கியிருக்கும். மௌனத்தின் நடைமுறைத் தேவையும் தெளிவானது. பெயர் வெளிப்பட்டால் வேலையும் குடியிருப்பும் ஒரே நாளில் பறிபோகும்.

தொழிற்சங்கம் அமைத்தல் 1824 முதல் சட்டப்படி குற்றமன்று. எனவே பண்ணையாரும் மாஜிஸ்திரேட்டுமான ஜேம்ஸ் பிராம்டன், உள்துறை அமைச்சர் மெல்பர்ன் பிரபுவுடன் கடிதத் தொடர்பு கொண்டு வேறு வழி தேடினார். கப்பற்படைக் கலகங்களை ஒடுக்க 1797 இல் இயற்றப்பட்ட சட்டவிரோத ஆணைகள் சட்டம் கைகொடுத்தது. 1834 பிப்ரவரி 24 அன்று அறுவர் கைதாயினர். மார்ச்சு மாதம் டார்ச்செஸ்டர் நீதிமன்றத்தில் ஏழாண்டுத் தீவாந்தரத் தண்டனை விதிக்கப்பட்டது. நாங்கள் எவருடைய பெயருக்கோ உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு செய்யவில்லை. எங்களையும் மனைவி மக்களையும் பட்டினியிலிருந்து காக்கவே ஒன்றுகூடினோம் என்னும் கருத்தில் லவ்லெஸ் எழுதிக்கொடுத்த விளக்கம் பயன் தரவில்லை. ஐவர் நியூ சவுத் வேல்சுக்கும், லவ்லெஸ் தாஸ்மேனியாவுக்கும் அனுப்பப்பட்டனர்.

அந்த ஆண்டுகளில் பிரீமேசன்களின் பெருந்தலைவர் மன்னர் நான்காம் வில்லியத்தின் தம்பி சசெக்ஸ் கோமகன். ஆரஞ்சு சங்கத்தின் பெருந்தலைவர் மற்றொரு தம்பி கம்பர்லாந்து கோமகன். இவர்களை எவரும் டார்ச்செஸ்டருக்கு அழைக்கவில்லை. 1799 ஆம் ஆண்டுச் சட்டம் பிரீமேசன் லாட்ஜுகளுக்கு விதிவிலக்கே அளித்திருந்தது. இந்த ஓரவஞ்சனையை அக்காலத்தவரே சுட்டிக்காட்டினர். 1834 ஏப்ரல் 21 அன்று இலண்டனில் தொழிலாளர் பெருந்திரளாய்க் கூடி விண்ணப்பம் சமர்ப்பித்தனர். 1836 இல் முழு மன்னிப்புக் கிடைத்தது. அறுவரும் 1837 முதல் 1839 வரை படிப்படியாக நாடு திரும்பினர்.

6. அவ்வூரில் இருவகை மௌனம்

லவ்லெஸ் 1837 இல் வெளியிட்ட நூலில் குருமாராகிய நாம் கருத்தூன்றிப் படிக்கவேண்டிய ஒரு செய்தி உண்டு. சங்கம் தோன்றுமுன், தொழிலாளரும் பண்ணையாரும் கூலியைப்பற்றி ஒரு வெளிப்படையான உடன்பாட்டுக்கு வந்தனர். அவ்வூர்க் குருவானவர் அதற்குத் தாமே சாட்சி என்றும், பண்ணையார் சொல் தவறினால் நியாயம் கிடைக்கச் செய்வதாகவும் வாக்களித்தார். பண்ணையார் சொல் தவறினர். தொழிலாளர் குருவானவரை நாடியபோது, அப்படியொன்றைத் தாம் அறியேன் என்று அவர் மறுத்துவிட்டார் என லவ்லெஸ் எழுதுகிறார்.

எலும்புக்கூட்டு ஓவியத்தின்முன் கொடுத்த வாக்கைக் காத்தோர் தீவாந்தரம் சென்றனர். பகல் வெளிச்சத்தில் கடவுளின் பெயரால் கொடுத்த வாக்கை மறுத்தவர் மீது எந்தச் சட்டமும் பாயவில்லை. அக்கிராமத்தில் தீங்கு விளைத்த மௌனம் குடிசையின் மாடியில் இருந்ததன்று. அது குருமனையில் இருந்தது. அந்த மௌனம் இல்லாதிருந்தால் ஒருவேளை இரகசிய சங்கமே தேவைப்பட்டிராது.

வேறொரு மௌனமும் உண்டு. அறுவரில் ஒருவரான ஜேம்ஸ் ஹாமெட் அந்த இரவுக் கூட்டத்தில் இல்லை. இருந்தவர் அவருடைய சகோதரர் ஜான் என்பர். சகோதரரின் மனைவி கருவுற்றிருந்தமையால், ஆள்மாறாட்டத்தை வெளியிடாமல் ஜேம்ஸ் தாமே தண்டனையை ஏற்றார் என்பது வழிவழி வரும் செய்தி. மற்ற ஐவரும் பின்னர் கனடாவில் குடியேற, இவர் மட்டும் டால்பட்டிலில் வாழ்ந்து 1891 இல் டார்ச்செஸ்டரின் ஏழையர் விடுதியில் இறந்தார். தம் பாடுகளைப்பற்றி அவர் அதிகம் பேசியதில்லை என்பர். சகோதரன் என்ற சொல்லுக்கு எந்தச் சடங்கும் அளிக்க இயலாத பொருளை அவருடைய மௌனம் அளித்தது. மயிர் கத்தரிக்கிறவனுக்கு முன்பாக வாய் திறவாத ஆட்டைப்பற்றிய தீர்க்கதரிசனத்தை (ஏசா. 53) பிரசங்கிக்கும்போது நாம் இவரை நினைக்கலாம்.

7. நமக்குரிய படிப்பினை

மேற்கண்ட வரலாறுகளை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலனாகும். பித்தினியாவின் கிறிஸ்தவர், ஸ்காட்லாந்தின் கல்தச்சர், டார்செட்டின் உழவர் ஆகியோரின் மௌனம் தம்மைக் காக்க வேறு வழியற்ற எளியோரைக் காத்தது. மார்கன் வழக்கின் மௌனம், வலியோரை நீதியினின்று காத்தது. இடைப்பட்டது கனவான்களின் அணிகலன் மௌனம். அது எப்பக்கமும் சாயக்கூடியது. ஆணை, கண்கட்டு, வாள், எலும்புக்கூடு ஆகிய சின்னங்கள் எல்லா இடத்தும் ஏறத்தாழ ஒன்றே. எனவே சின்னத்தைப் பார்த்துத் தீர்ப்பிட இயலாது. இந்த மௌனம் யாரைக் காக்கிறது, இதன் விலையை யார் செலுத்துகிறார் என்னும் இரண்டு கேள்விகளே தீர்ப்புக்கு வழிகாட்டும்.

பிற்காலத்தில் சபைகள் இப்பொருளை மீண்டும் ஆராய்ந்தன. 1985 இல் பிரிட்டிஷ் மெதடிஸ்ட் மாநாடும், 1987 இல் இங்கிலாந்துச் சபையின் பொதுப்பேரவையும் பிரீமேசன் சங்கத்தைப்பற்றிய அறிக்கைகளை ஏற்றன. 1986 இல் அச்சங்கமும் உடல் தண்டனை வாசகங்களைத் தன் உறுதிமொழிகளிலிருந்து நீக்கத் தீர்மானித்தது. ஆயினும் நம் முதற்கவலை பிறருடைய லாட்ஜைப்பற்றியதாயிருத்தல் ஆகாது.

ஆயரிடம் அழுது கூறப்பட்டதை ஆயர் தம் இல்லத்தாரிடமும் சொல்லலாகாது. நொறுங்குண்ட உள்ளத்தைக் காக்கும் இம்மௌனம் புனிதமானது. இதைப் பிரசங்க உதாரணமாக்குவோர் தம் அழைப்பை மீறுகின்றனர். பாவ அறிக்கையைக் காக்கும் கடமையை இங்கிலாந்துச் சபையின் 1604 ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 113 ஆம் விதி வலியுறுத்துகிறது. அதுவும் ஒரு விதிவிலக்கை உடன் கூறியே நிற்கிறது.

ஆனால் இதே புனிதத்தின் பெயரால் வேறொரு மௌனமும் நம்மிடையே நுழைகிறது. சேகரக் கமிட்டியில் கணக்குக் கேட்கப்படும்போது, சபையின் நற்பெயர் கெடும் என்பர். விடுதியில் ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால், குடும்பத்துக்குள் முடித்துக்கொள்வோம் என்பர். சகோதரர் என்ற சொல் அப்போது மார்கன் வழக்கின் பொருளையே பெறுகிறது. சபைகளும் நிறுவனங்களும் இவ்வாறு மறைத்ததன் விளைவை ஆஸ்திரேலியாவின் அரச விசாரணைக் குழு 2017 இலும், இங்கிலாந்தின் விசாரணைக் குழு 2022 இலும் விரிவாக வெளியிட்டன. நம் நாட்டில் 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19 ஆம் பிரிவின்படி, சிறார் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது, தெரிவியாமை தண்டனைக்குரியது. இங்கே சட்டம் கேட்பதைச் சுவிசேஷம் அதற்கு முன்னரே கேட்டுவிட்டது.

முடிவுரை

ஊழியத்திற்குள் நுழையும் மாணவர் பலவற்றைக் கேட்பர். பலவற்றைச் சொல்லாமல் சுமப்பர். எதைச் சுமப்பது, எதை எடுத்துரைப்பது என்பதை எந்தச் சட்டநூலும் முழுமையாக வகுத்துத் தராது. எனினும் ஒவ்வொரு முறையும், என் மௌனத்தின் நிழலில் நிற்பவர் யார் என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ளலாம். அங்கே நிற்பவர் தன்னைக் காக்க இயலாத எளியவரானால், ஹாமெட்டைப் போல் இறுதிவரை வாய் திறவாதிருக்கலாம். அங்கே நிற்பவர் பதவியும் செல்வாக்கும் உடையவராகி, வெயிலில் நிற்பவர் எளியவராயிருந்தால், பேசுவதே ஆயரின் கடமை. டால்பட்டிலின் குருவானவரிடம் அத்தொழிலாளர் கேட்டது பெரிய காரியமன்று. தாம் கண்டதைக் கண்டேன் என்று சொல்லும்படியே கேட்டனர். நம்மிடமும் மக்கள் பெரும்பாலும் அவ்வளவே கேட்கின்றனர்.